புவித்தட்டுப் பாடத்துக்கு ஒரு நல்ல வினாத்தாள்: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"சுனாமி எதனால் வந்தது?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், "கடலுக்கடியில் நிலநடுக்கம் ஏற்பட்டதால்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தாளில் எழுதச் சொன்னாலும் அதே வரிதான் வரும். அடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. நம் கரையில் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். ஆனால் பெரிய அலை வரவில்லை. ஏன்?" வகுப்பு அமைதியாகிவிடும். முதல் கேள்விக்கு மனப்பாடம் போதும். இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும். நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் முதல் வகைக் கேள்விகளோடு நின்றுவிடுகின்றன.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அறிவியல் ஆய்வு முறையையும் புவித்தட்டுகளையும் சேர்த்து ஒரு தேர்வு வைப்பது எப்படி என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? ஆய்வு முறையைத் தனியாக வைத்தால் "கருதுகோள் என்றால் என்ன?" என்ற வரையறைக் கேள்வியாகச் சுருங்கிவிடும். புவித்தட்டைத் தனியாக வைத்தால் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு முடிந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புவியின் உள்ளமைப்பு நம் சமூக அறிவியல் புத்தகத்தில் வருகிறது; சோதனை, அளவீடு எல்லாம் அறிவியல் புத்தகத்தில் வருகின்றன. வரைபடம் ஒரு ஆசிரியரிடம், சோதனைக் குழாய் இன்னொரு ஆசிரியரிடம். முடிந்தால் இருவரும் உட்கார்ந்து ஒரே தாளைத் தயாரியுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கு அது இரண்டு பாடத்துக்கும் பயன்படும்.

படி 1: கேள்விக்கு முன்னால், எதைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் பாடப்பொருள்: புவிமேலோடு, கவசம், கரு, தட்டுகள் விலகும், மோதும், உரசும் எல்லைகள், இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்வது, நிலநடுக்கம், எரிமலை, சுனாமி ஆகியவை எங்கே, ஏன் வருகின்றன என்பது. இது எளிது, ஐந்து நிமிட வேலை.

வலது பக்கத்துக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் பிள்ளை பிரித்துப் பார்க்கிறதா? ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்து ஒப்பிடத் தெரிகிறதா? அட்டவணையிலும் வரைபடத்திலும் உள்ள போக்கைப் படிக்கிறதா? ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் முடிவு சொல்கிறதா? புதிய ஆதாரம் வந்தால் கருத்தை மாற்றிக்கொள்வதன் நியாயம் புரிகிறதா?

ஒவ்வொரு கேள்வியும் இடது பக்கத்தில் ஒன்றையும் வலது பக்கத்தில் ஒன்றையும் தொட வேண்டும். எதையுமே தொடாத கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்.

படி 2: பிள்ளைகளின் தவறான புரிதல்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், மதிப்பெண் எதுவும் இல்லாமல், "கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது? படம் வரை" என்று ஒரு கேள்வி கொடுங்கள். கடற்கரை ஊர்களில் ஒரு புரிதல் திரும்பத் திரும்ப வரும்: நிலம் ஒரு தட்டு, கடல் இன்னொரு தட்டு, இரண்டும் கடற்கரையில் சந்திக்கின்றன என்று. கடலூர் சில்வர் பீச்சுதான் தட்டின் விளிம்பு என்று நம்பும் பிள்ளைகள் நிறையப் பேர். புத்தகத்தில் "கண்டத்தட்டு", "கடல்தட்டு" என்று படித்ததைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் வங்காள விரிகுடாவின் அடித்தளமும் தமிழ்நாடும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. கிழக்கே அதன் விளிம்பு, கடலூரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஒட்டி ஓடுகிறது.

மற்றவை எல்லா ஊருக்கும் பொதுவானவை. கவசம் முழுக்க உருகிய குழம்பு, அதன்மேல் தட்டுகள் மிதக்கின்றன என்று நினைப்பது ஒன்று. கவசம் பெரும்பாலும் திடப்பாறைதான்; கடும் வெப்பத்தில், மிக நீண்ட காலத்தில், மெல்ல இழைந்து நகர்கிறது. தட்டுகளுக்கு நடுவே வெற்றிடமான பிளவு இருக்கிறது என்று நினைப்பது இன்னொன்று. கண்டங்கள் ஒரு காலத்தில் நகர்ந்தன, இப்போது நின்றுவிட்டன என்பது மூன்றாவது.

இந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். சரியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறான விடைகளை இவற்றிலிருந்தே எடுக்கலாம். நாமே கற்பனையில் எழுதும் தவறான விடைகளைப் பிள்ளைகள் எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் உண்மையிலேயே நம்புவதை விடைகளில் ஒன்றாக வைத்தால்தான் யாருக்கு எது புரியவில்லை என்று தெரியும்.

படி 3: சுனாமியைப் பற்றிக் கேட்கும் முன் ஒரு நிமிடம்

இன்று நடுநிலைப் பள்ளியில் இருக்கும் யாரும் 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளை பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் மாலை போட்ட படம் தொங்கும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சதவீதமாக்குக" என்று கேட்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். நீரின் உயரம், நேரம், தூரம், கடலின் ஆழம் என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. "சுனாமி அன்று உன் வீட்டில் என்ன நடந்தது?" என்பதும் தேர்வுக் கேள்வி ஆகாது. வகுப்பில் யாராவது தானாகச் சொல்ல வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

அதற்காகச் சுனாமியை விட்டுவிடவும் வேண்டாம். நம் ஊரில் புவித்தட்டு என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

படி 4: கேள்விகளை உருவாக்குதல்

ஒரு பீரியடில் எழுதி முடிக்கிற மாதிரி 25 மதிப்பெண் போதும். நான் பரிந்துரைக்கும் பங்கீடு: நேரடித் தகவல் 4, வரைபடம் 6, பார்த்ததும் ஊகித்ததும் 4, அட்டவணை 6, விளக்கம் 5. செய்முறை தனியாக 10. நேரடித் தகவலுக்குக் கொஞ்சமாவது ஒதுக்குங்கள். தயங்கித் தயங்கி எழுதும் பிள்ளைக்கு முதல் நான்கு மதிப்பெண் கைக்கு வந்தால்தான் மீதிக் கேள்விகளைத் தொடத் தைரியம் வரும். அந்தக் கேள்விகளை நீங்களே எழுதிவிடுவீர்கள். மற்றவற்றைப் பார்ப்போம்.

*வரைபடக் கேள்வி (6 மதிப்பெண்).* முழுத் தாளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்தியப் பெருங்கடலும் ஆசியாவும் உள்ள வெற்று வரைபடத்தில் பெரிய நிலநடுக்கங்கள் நடந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக் கொடுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் ஆண்டு, அளவு, இடம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். 6 அளவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்தால் போதும். எல்லைக்கோடு எதையும் வரையாதீர்கள். கேள்விகள் இப்படி:

(அ) புள்ளிகளைப் பார்த்து இந்தியத் தட்டின் எல்லை எங்கே போகும் என்று பென்சிலால் வரைக. (2)
(ஆ) கடலூரைக் குறிக்க. அது எல்லைமேல் இருக்கிறதா, தட்டின் நடுப்பகுதியிலா? எதை வைத்துச் சொல்கிறாய்? (2)
(இ) அந்தமானில் பாரன் தீவு என்ற எரிமலை இருக்கிறது. நம் கடற்கரையில் எரிமலை இல்லை. வரைபடத்தை வைத்துக் காரணம் கூறுக. (2)

இமயமலையை ஒட்டி ஒரு வரிசை, அந்தமானிலிருந்து சுமத்ரா வரை வில்லாக வளையும் ஒரு வரிசை, தெற்கே பெருங்கடலின் நடுவே ஒரு வரிசை. பிள்ளை தன் கையாலேயே புள்ளிகளை இணைக்கும்போது தட்டின் உருவம் வெளிப்படுகிறது. விஞ்ஞானிகளும் எல்லைகளை அடையாளம் கண்டதில் நிலநடுக்கப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கோடு கொஞ்சம் கோணலாகப் போனால் மதிப்பெண் குறைக்காதீர்கள். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தைப் பின்பற்றியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடற்கரையை ஒட்டியே கோடு போட்டிருந்தால் படி 2இல் சொன்ன குழப்பம் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

*பார்த்ததும் ஊகித்ததும் (4 மதிப்பெண்).* இதற்குத் திருவக்கரையை விடச் சிறந்த இடம் கிடையாது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்மரப் பூங்காவைப் பற்றி 1781இலேயே பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் எழுதியிருக்கிறார். சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை புதைந்திருக்கும் பாறை அடுக்குக்கே கடலூர் மணற்பாறை என்றுதான் பெயர். பிள்ளைகள் சுற்றுலா போயிருந்தால் நல்லது, போகாவிட்டால் ஒரு படம் போதும். படத்தின் கீழே ஐந்து வாக்கியங்கள் கொடுங்கள்:

1. மரத்தண்டுகள் படுத்த நிலையில் கிடக்கின்றன.
2. தண்டுகளில் கிளையோ வேரோ இல்லை.
3. இந்த மரங்கள் வேறு இடத்தில் வளர்ந்து ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை.
4. சில தண்டுகளில் மர வளையங்கள் தெரிகின்றன.
5. இந்த மரங்கள் கிடைத்திருப்பதால் இந்தியா முன்பு ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்தது என்று தெரிகிறது.

எவை பார்த்தவை, எது நியாயமான ஊகம், எது ஆதாரத்தைத் தாண்டிப் போகிறது என்று பிரிக்கச் சொல்லுங்கள். 1, 2, 4 பார்த்தவை. 3 ஊகம், 1ஐயும் 2ஐயும் சேர்த்து யோசித்தால் வருவது, புவியியலாளர்களும் அப்படித்தான் விளக்குகிறார்கள். 5தான் பொறி. "பழங்காலத்துப் புதைபடிவம் என்றாலே கண்டநகர்வுக்கு ஆதாரம்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளும். இந்த மரங்கள் வாழ்ந்த காலத்துக்கு மிக முன்பே இந்தியா தனியாகப் பிரிந்து, வடக்கே நகர்ந்து, ஆசியாவோடு மோதத் தொடங்கிவிட்டது. அந்த மோதல் ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கண்டங்கள் ஒட்டியிருந்தன என்று காட்டுவதற்கு அதைவிடப் பழமையான, பல கண்டங்களிலும் கிடைக்கிற ஒன்று வேண்டும். குளோசாப்டெரிஸ் என்ற தாவரம் அப்படிப்பட்டது: இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஐந்திலும் அதன் படிவம் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பு என்றால், "5ஆம் வாக்கியத்தை நம்ப வேண்டுமானால் இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று ஒரு துணைக்கேள்வி சேருங்கள். "இதே மரம் ஆப்பிரிக்காவில் இருக்கா, எத்தனை வயசுன்னு பார்க்கணும்" என்று யாராவது எழுதினால் தயங்காமல் முழு மதிப்பெண் போடுங்கள்.

*அட்டவணை (6 மதிப்பெண்).* இரண்டு அட்டவணைகள் வைத்திருக்கிறேன். வகுப்பைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு: கடலின் ஆழமும் சுனாமி அலையின் வேகமும். ஆழம் 4,000 மீட்டர் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 710 கி.மீ.; 1,000 மீட்டரில் 355; 100 மீட்டரில் 113; 10 மீட்டரில் 36. ஆழம் குறையும்போது வேகம் என்ன ஆகிறது? ஆழம் நான்கில் ஒரு பங்கானால் வேகமும் நான்கில் ஒரு பங்காகிறதா? (இல்லை, ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. இந்தக் கேள்வியில்தான் யார் எண்களை உண்மையிலேயே பார்த்தார்கள் என்று தெரியும்.) மூன்றாவது கேள்வி: 2004இல் இந்திய நேரப்படி காலை 6:29க்கு நிலம் அதிர்ந்தது, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் முன்னெச்சரிக்கை மையம் அந்த இடைவெளியில் என்னென்ன செய்ய முடியும்? இதற்கு ஒரே விடை கிடையாது. நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதியிருந்தால் சரி.

எட்டாம் வகுப்புக்கு: சதுப்புநிலக் காடும் அலையும். இதன் பின்னணி நம் மாவட்டத்திலேயே நடந்தது. சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் 18 கடலோர ஊர்களை ஆராய்ந்தவர்கள், மரங்கள் அடர்ந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். மரம் அதிகமுள்ள ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, அதைக் கழித்துப் பார்த்தால் மரங்களின் தனிப் பங்கு மிகக் குறைவு என்றார்கள். பிச்சாவரம் காட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சியாகக்கூட இருக்கும். ஆனால் அறிவியல் எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்கு இதைவிடப் பக்கத்திலுள்ள உதாரணம் எங்கே கிடைக்கும்?

அதை எளிமையாக்கி, தேர்வுக்கென்றே எண்களை நாம் எழுதிக்கொள்ளலாம். "இவை தேர்வுக்காக எழுதிய எண்கள்" என்று தாளில் போட்டுவிடுங்கள்:

ஊர் அ: கடலிலிருந்து 2 கி.மீ., காடு உண்டு, வீட்டில் ஏறிய நீர் 10 செ.மீ.
ஊர் ஆ: 200 மீட்டர், காடு இல்லை, 200 செ.மீ.
ஊர் இ: 200 மீட்டர், காடு உண்டு, 150 செ.மீ.
ஊர் ஈ: 2 கி.மீ., காடு இல்லை, 20 செ.மீ.

கேள்வி: "காடு நீரைக் குறைத்ததா என்று தெரிந்துகொள்ள எந்த இரண்டு ஊர்களை ஒப்பிடலாம்? ஏன்?" அவசரக்காரர்கள் அவையும் ஆவையும் எடுப்பார்கள், வித்தியாசம் அங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அங்கே காடும் மாறுகிறது, தூரமும் மாறுகிறது. ஆவும் இயும், அல்லது அவும் ஈயும் எடுத்தால்தான் ஒப்பீடு நியாயமானது. அடுத்து, "காட்டின் விளைவு பெரிதா, தூரத்தின் விளைவு பெரிதா?" என்று கேளுங்கள். கடைசியாக, "இந்த நான்கு ஊர்களைப் பற்றி நமக்குத் தெரியாத எந்த ஒரு விஷயம் முடிவை மாற்றிவிடலாம்?" மேடா பள்ளமா, வீடுகளின் அமைப்பு, கரையின் வடிவம் என்று எது வந்தாலும் சரிதான்.

புதுச்சேரி ஆசிரியர்கள் இதே கேள்வியைக் கடற்கரைச் சாலையின் கல்சுவரை வைத்துக் கேட்கலாம். அந்தச் சுவர்தான் நகரத்தைக் காப்பாற்றியது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். "இதைச் சோதிக்க எந்தெந்த இடங்களில் எதை அளந்திருக்க வேண்டும்?" என்ற ஒரு கேள்வியே போதும்.

*விளக்கம் (5 மதிப்பெண்).* முதலில் சொன்ன 2012 கேள்வியை இங்கே வையுங்கள், ஆனால் தகவலோடு. 2004இல் இந்தியத் தட்டு அடியில் செருகிக்கொண்டிருந்த எல்லையில், மேலே இருந்த கடல்தளம் திடீரென எழும்பியது, 1,200 கி.மீ.க்கும் மேற்பட்ட நீளத்துக்கு நிலம் முறிந்தது, அளவு 9.1. 2012இல் கடல்தளப் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, அளவு 8.6. இவ்வளவையும் கொடுத்துவிட்டு, "ஒன்றில் பெரிய அலை வந்தது, இன்னொன்றில் வரவில்லை. காரணம் எழுதுக" என்று கேளுங்கள். கடல்தளம் மேலே எழும்பினால் அதன்மேல் உள்ள தண்ணீரும் எழும்பும், பக்கவாட்டில் நகர்ந்தால் அவ்வளவாக எழும்பாது என்பதுதான் முக்கியக் காரணம். "அளவு குறைவு" என்று மட்டும் எழுதினாலும் அதில் உண்மை இருக்கிறது, 2 மதிப்பெண் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் 5.

தானே புயலோடு ஒப்பிடும் கேள்வியும் நம் ஊருக்குப் பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த புயல் அது. காற்று, மழை, கடல் உள்வாங்குதல், எச்சரிக்கை நேரம் என்று குறிப்புகளைக் கொடுத்து, எது புயலலை, எது சுனாமி என்று பிரிக்கச் சொல்லலாம். ஆறாம் வகுப்புக்கு இதுவே போதும்.

படி 5: செய்முறை, மணலில் ஒரு மலை

எழுத்தில் தடுமாறும் பிள்ளை கையில் பிரமாதமாகச் செய்யும். ஆகவே இதை விடாதீர்கள். செலவும் இல்லை. ஸ்வீட் கடையில் கொடுக்கும் ஒளி ஊடுருவும் நீளமான பிளாஸ்டிக் டப்பா, காய்ந்த சலித்த மணல், கோலமாவு, டப்பாவின் அகலத்துக்கு வெட்டிய கெட்டி அட்டை, ஒரு ஸ்கேல். நான்கு பேருக்கு ஒரு டப்பா.

அட்டையை டப்பாவின் ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு செ.மீ. மணல், மெல்லிய கோலமாவு, மீண்டும் மணல், மீண்டும் மாவு என்று மூன்று செ.மீ. உயரத்துக்கு அடுக்க வேண்டும். தட்டித் தட்டி இறுக்கக் கூடாது. பிறகு அட்டையை மெல்லத் தள்ள வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் வளைந்து, ஓர் இடத்தில் முறிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது தெரியும். அந்த இடத்தில் வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்க்கும், கொஞ்சம் விடுங்கள்.

தேர்வு எங்கே இருக்கிறது என்றால், தள்ளுவதற்கு முன்னால். ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியை எழுதித் தர வேண்டும்: எவ்வளவு தள்ளினால் மேடு எவ்வளவு உயரும் என்பது போல. பிறகு 2, 4, 6 செ.மீ. தள்ளி மேட்டின் உயரத்தை அளந்து அட்டவணை போட வேண்டும். சோதிக்கக்கூடிய கேள்விக்கு 1, எவற்றை மாற்றாமல் வைத்தார்கள் என்பதற்கு 2, அலகோடு அளந்ததற்கு 1, மறுபடி செய்து பார்த்ததற்கு 1, அட்டவணைக்கு 2, பார்த்ததை மீறாத முடிவுக்கு 2, "இந்த மணல் இமயமலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?" என்பதற்கு 1.

சில குழுக்களில் ஒரு கட்டத்துக்குமேல் மேடு உயராது, அகலமாகும். முன்பக்கம் புதிதாக ஒரு மேடு கிளம்பும். "தள்ளத் தள்ள உயரும்" என்று எதிர்பார்த்த பிள்ளைகள் எண்ணைத் திருத்தி எழுதப் பார்ப்பார்கள். "பார்த்ததை எழுது, அதற்குத்தான் மார்க்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எதிர்பாராததை அப்படியே பதிவு செய்த குழுவைக் கூப்பிட்டு எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

படி 6: தாளை ஒழுங்கு செய்தல்

எளிய கேள்விகள் முதலில், வரைபடம் நடுவில், விளக்கம் கடைசியில். ஜெராக்ஸ் எடுக்கும்போது வரைபடத்தின் சாம்பல் நிறம் கறுத்துவிடும். கோடுகளும் புள்ளிகளும் மட்டும் இருக்கட்டும். ஒரு கேள்வியின் விடை தவறினால் அடுத்ததும் தவறும்படி கோர்க்காதீர்கள். விடையைப் பேச்சுத் தமிழில் எழுதினாலும் யோசனை சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று தாளின் மேலேயே எழுதுங்கள். புதுச்சேரியில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழில்தான் யோசிக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கக் கேள்வியை மட்டுமாவது எந்த மொழியிலும் எழுதலாம் என்று அனுமதி கொடுங்கள்.

படி 7: திருத்துதல்

தகவல் கேள்விகளைச் சட்டென்று திருத்திவிடலாம். விளக்கக் கேள்விகளுக்கு விடைக்குறிப்பை முன்கூட்டியே எழுதி, முதல் ஐந்து தாள்களைத் திருத்திப் பார்த்துவிட்டு அதை ஒருமுறை சரிசெய்யுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கு 2012 கேள்விக்குப் பதிலாக வைக்கக்கூடிய கேள்வி இது; நான்கு மதிப்பெண்ணுக்குப் பார்ப்போம்:

"கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் சொன்னார். பாறைகளும் புதைபடிவங்களும் கடல் தாண்டி ஒத்துப்போவதைக் காட்டினார். ஆனால் எந்த விசை கண்டங்களை நகர்த்துகிறது என்று அவரால் திருப்தியாக விளக்க முடியவில்லை. புவியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்கள் மறுத்தது சரியா?"

"தவறு. வெகனர் சொன்னதுதான் உண்மை." இதற்கு 1. பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் இருந்தவர்களைத் தீர்ப்பு சொல்கிறது. ஆதாரத்தைத் தொடவே இல்லை.

"சரி. எது தள்ளுதுன்னு அவரால் சொல்ல முடியல." இதற்கு 3. காரணம் இருக்கிறது, ஆனால் மறுபக்க ஆதாரத்தைப் பார்க்கவில்லை.

"சந்தேகப்பட்டது சரி. ஆனா படிவமெல்லாம் ஒத்துப்போனதை ஒதுக்கினது தப்பு. அப்புறம் கடலடி பாறை நடுவுல புதுசா, ஓரத்துல பழசா இருக்குன்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டாங்க." இதற்கு 4. 1960களில் கிடைத்த கடல்தள ஆதாரம் வரை வந்துவிட்டது, பேச்சு வழக்கில் எழுதியிருந்தாலும்.

"தவறு. மீசோசாரஸ் என்ற பழங்கால ஊர்வன நன்னீரில் வாழ்ந்தது, அட்லாண்டிக்கை நீந்தியிருக்க முடியாது. காரணம் தெரியாவிட்டாலும் நகர்ந்தது என்பதை ஏற்றிருக்கலாம்." இதற்கும் 4. முந்தைய விடைக்கு நேர் எதிரான முடிவு, ஆனால் ஆதாரத்தின்மேல் நிற்கிறது. சரியான முடிவுக்குத்தான் மதிப்பெண் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். முடிவுக்கு அல்ல, வழிக்குத்தான் மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாவது தாளைத் திருத்தும்போது உதவும்.

படி 8: தாளைக் கொடுத்த பிறகு

மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கேள்விவாரியாக எத்தனை பேர் தவறினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். வரைபடக் கேள்வியில் பாதிப் பேர் கடற்கரையில் எல்லை போட்டிருந்தால் அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்த வேண்டும். உலக வரைபடத்தில் தட்டுகளைக் கத்தரித்து ஒட்ட வைத்தால் கடல்தளமும் தட்டோடு சேர்ந்தே வரும். ஒப்பீட்டுக் கேள்வியில் தவறினால் புவியியலை விட்டுவிட்டு, முளைப்பயிறு போன்ற எளிய சோதனையில் "ஒன்றை மட்டும் மாற்று" என்பதைப் பழக்குங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வி, பத்து நிமிடம். 2001 செப்டம்பர் 25 அன்று இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் சுமார் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னை வரை உணர்ந்தார்கள். வரைபடக் கேள்வியில் நாம் தட்டின் நடுவில் இருக்கிறோம் என்று எழுதிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, "அப்படியானால் இது எப்படி நடந்தது? உன் பழைய விடையை மாற்றுவாயா?" என்று கேளுங்கள். எல்லையை இடம் மாற்றி வரைபவர்கள் உண்டு. ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கோட்டையே நகர்த்தலாமா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம். எல்லையை அப்படியே விட்டு, "தட்டுக்குள்ளேயும் பழைய முறிவுகள் இருக்கலாம், அங்கே நிலநடுக்கம் வரலாம், ஆனால் குறைவாக வரும்" என்ற கருத்துக்கு வருகிறவர்களும் உண்டு. இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, அதே வரைபடத்தை நடுவில் விரித்துவிடுங்கள். மீதி பீரியடை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.